ஆளுக்கொரு கல்யாணப் பத்திரிகை

என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கவில்லை. எல்லாவற்றையும் நானே கையால் செய்தேன். இதைச் சொன்னால் "அடடா, என்ன அழகான யோசனை" என்கிறார்கள். கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் அதை போட்டோ எடுத்துத் தங்கள் போனில் வைத்திருக்கிறார்கள், சொந்தக்காரர் கல்யாணம் எதற்காவது மாதிரி காட்டலாம் என்று. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. கேட்கிறவர்களிடம் இதையெல்லாம் விளக்க முடியாது. தேங்க்ஸ் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

அந்த யோசனை அழகுக்காக வந்ததில்லை. பெயர்ச் சண்டையில் வந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அப்பாவுக்கு ஊர் மலையடிவாரத்தில் அய்யம்பாளையம். தென்னந்தோப்பு, பங்காளிகள், திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு, எல்லாம் உள்ள குடும்பம். அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவள் குடும்பம் கப்பலேறி வந்து, இந்த மலையில் கூலி வேலைக்குச் சேர்ந்தது. அப்பாவும் அம்மாவும் இங்கே ஒரே ஹோட்டலில் வேலை பார்த்தபோது விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கல்யாணத்துக்கு அய்யம்பாளையத்தில் பத்திரிகை அடித்தார்கள். அப்பா பக்கத்து ஆட்கள் பெயர் மட்டும் இரண்டு பக்கத்துக்கு ஓடியது. அம்மா பக்கத்தில் ஒரு பெயர்கூட இல்லை. "சிலோன்காரங்கள்ல யாரைன்னு போடுறது" என்று கேட்டார்களாம். அம்மாவின் ஒரே அண்ணன், என் மாமா, அப்போது கல்லுக் குண்டு மாதிரி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

மாமா இருப்பது மன்னவனூரில். காரட் காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் கூலி வேலை. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் ஆம்பளை என்று ஒருவர் வந்து நின்றால் அது அவர்தான். வாரச் சந்தை அன்று மன்னவனூர் பஸ்ஸில் வந்து இறங்குவார். தோளில் ஒரு சாக்கு இருக்கும். நேரே அடுப்படிக்குப் போய் சட்டியைத் திறந்து பார்த்து, "இதைத்தான் தின்னு படிக்கிறியா கழுதை" என்பார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது அவர். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு ஓவியம் படிக்கப்போகிறேன் என்று அடம்பிடித்தபோது, படம் போடுவதெல்லாம் ஒரு படிப்பா என்று ஊரே கேட்டது. அவர் மட்டும் கேட்கவில்லை. மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. ஆகவே ஒரு கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் வர வேண்டுமானால் அது என் கல்யாணமாகத்தான் இருக்க முடியும்.

எனக்கு மாப்பிள்ளை நிச்சயமானதும் அய்யம்பாளையத்துப் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், வத்தலக்குண்டில் ஓர் அச்சகத்தில் சொல்லி மாதிரி ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினார். தகப்பன் இல்லாத பெண் என்பதால் அழைக்கிறவர் அவர். அவர் பெயர் முதலில், பெரிய எழுத்தில். அப்புறம் பெரியம்மா, சித்தப்பாக்கள், மருமகன்கள், அவரவர் படிப்பு, வேலை, கட்சிப் பொறுப்பு. மாமா எங்கே என்று தேடினோம். கடைசி மடிப்பில், மண்டபத்துக்கு வழி போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மா போனைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் பேரைப் படிக்க பூதக்கண்ணாடி குடுப்பாகளா" என்று கேட்டாள்.

பெரியப்பாவிடம் போனில் பேசினாள். வளர்த்த மனுஷன் பெயர் முதலில் வரட்டும் என்றாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு என்று ஓர் ஊர் இருக்கிறதே. தகப்பன் வழி ஆள் இருக்கும்போது தாய்மாமன் பெயரை முதலில் போட்டால் ஊர் சிரிக்கும், அந்தப் பேச்சே வேண்டாம் என்று முடித்துவிட்டார். அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்லிக்கொடுக்கிறாயே, உன் கல்யாணத்துக்கு நீயே செய்ய மாட்டாயா என்று கேட்டாள்.

எனக்குக் கேட்கவா வேண்டும்? எதிலும் பொறுமை இல்லாதவள் என்று பெயர் வாங்கியவள் நான். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் கண்டக்டரோடு சண்டை பிடிப்பேன். காகிதத்தைக் கையில் எடுத்தால் மட்டும் அந்தக் குணம் எங்கேயோ போய்விடும். மதுரையில் போய்க் கெட்டியான காகிதம் வாங்கினேன். சோலைக்காட்டு ஓரத்தில் பெரணி இலை பறித்து, செய்தித்தாளில் வைத்து, அரிசி மூட்டைக்கு அடியில் போட்டு அமுக்கினேன். அம்மா மைதா பசை காய்ச்சினாள். எழுதுவதற்கு நல்ல கறுப்பு மை. கல்யாணம் தை மாதம் என்பதால் கார்த்திகையில் உட்கார்ந்தோம்.

உட்கார்ந்த பிறகுதான் அம்மா மெதுவாக விஷயத்துக்கு வந்தாள்.

"ஒவ்வொண்ணும் கையாலதானே எழுதப்போற? அய்யம்பாளையத்துக்குப் போறதுல பெரியப்பா பேரை மொதல்ல எழுது. நம்ம ஆளுகளுக்குப் போறதுல மாமா பேரை மொதல்ல எழுது. அவுகவுக வீட்டுல அவுகவுக பெருசு. யாரு கேக்கப்போறா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இத்தனை வருஷமாக ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கிறாளே, அங்கே இருக்க வேண்டிய பெண்ணா இவள் என்று தோன்றியது. எந்த அச்சகத்தாலும் செய்ய முடியாத காரியம் அது. ஒரே கல்யாணம், ஒரே நாள், ஒரே முகூர்த்தம், அழைக்கிறவர் மட்டும் வீட்டுக்கு வீடு வேறே. பள்ளிக்கூடத்து ஆட்களுக்குப் பெயர் வரிசையே வேண்டாம், எங்கள் இரண்டு பேர் பெயர் போதும் என்று அதையும் முடிவு செய்தோம்.

எனக்குக் கணவராக வரப்போகிறவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். சவாரி இல்லாத நாட்களில் காகிதம் வெட்டித் தர வருவார். ஸ்கேல் வைத்து கத்தியால் வெட்டச் சொன்னால், ரோடு வளைவுகளை நினைத்துக்கொண்டு வெட்டுவார் போலிருக்கிறது, ஓரம் நேராக வராது. நான் கத்துவேன். அவர்தான் அம்மாவின் ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு, "ரெண்டு கார்டும் ஒரே பஸ்ல சந்திச்சுக்கிட்டா என்ன செய்வீங்க" என்று கேட்டார். அதற்கும் சிரித்தோம். மன்னவனூர் மலை மேலே, அய்யம்பாளையம் மலைக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவே எத்தனை கொண்டை ஊசி வளைவு! மாமாவும் பெரியப்பாவும் சந்தித்துக்கொள்வதே அப்பாவின் திதியன்றும், யாராவது செத்தாலும்தான்.

செய்த நாட்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நானும் அம்மாவும் அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இருந்ததில்லை. கார்த்திகை மாதத்துப் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். துணியே காயாத வீட்டில் பசை எங்கே காய? கயிறு கட்டி, துணி கிளிப்பில் பத்திரிகைகளைத் தொங்கவிட்டு, அடியில் கரி அடுப்பை மூட்டிவைத்தோம். எல்லாவற்றிலும் புகை வாசனை ஏறியது. பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்றுதான் இந்தக் கார்டு காயும் என்று காகிதம் வெட்ட வந்த அவர் கிண்டல் செய்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டுமே. அம்மா மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். ஈரத்தில் அது ஊறி நடுப்பக்கம் வரை ஓடி, என் எழுத்தை எல்லாம் தின்றுவிட்டது. ஒரு கட்டு பாழ். அன்றைக்கு அம்மாவோடு போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்யாணமே நின்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிறகு வெறும் மஞ்சள் பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தோம்.

முதலில் செய்தது மாமாவுக்கு உரியது. இதை அழுத்திச் சொல்கிறேன், காரணம் பின்னால் தெரியும். இருந்த பெரணியில் ஒடியாத, முழுசான இலையை அதற்கு எடுத்துவைத்தேன். ஒரு சொட்டு மை சிதறவில்லை. அவர் பெயரை எழுதும்போது, ஏதோ பரீட்சை எழுதுகிற மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

முதல் பத்திரிகையை முருகன் கோயிலில் வைத்தோம். அடுத்தது தாய்மாமனுக்கு. அது முறை. அம்மாவும் நானும் வெள்ளனே கிளம்பி மன்னவனூர் பஸ் ஏறினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமா காட்டில் இருந்தார். அத்தை ஆள் அனுப்பினாள். காலெல்லாம் சேறோடு வந்தவர், தட்டைப் பார்த்ததும் உள்ளே வராமல் குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவி, வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாயில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். அம்மா வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் பத்திரிகை வைத்துத் தட்டை நீட்டினாள்.

மாமா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவர். விரல் வைத்து, எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விரல் மெதுவாக இறங்கி வந்து அவர் பெயரில் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போனது.

"பெரியவரு பேரு ரெண்டாவதா இருக்கே தங்கச்சி. அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்ண்ணே" என்றாள் அம்மா.

நான் வெளியே பார்த்தேன். எதிர்ச் சரிவில் செம்மறி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மாமா பத்திரிகையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, "இவ்வளவு பெரிய மனசா அவருக்கு" என்றார். பிறகு அத்தையைப் பார்த்துத் தேத்தண்ணி போடச் சொன்னார். எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மாவின் கெட்டிக்காரத்தனம் பலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் மாமா கொடைக்கானலுக்கு வந்து, அந்தப் பத்திரிகைக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டு போனார். ஜெராக்ஸ் கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை மஞ்சள் பையில் போட்டு மன்னவனூர் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். டீக்கடையில், காட்டுக்காரர் வீட்டில், ஊர்க் கோயிலில். அய்யம்பாளையத்துக்காரர்களே பார்த்து என் பெயரை முதலில் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். இதை அத்தை பிற்பாடு அம்மாவிடம் சொன்னாள்.

அய்யம்பாளையத்தில் வேறு விதம். என்ன இது கைவேலை, நாலு பெரிய மனிதர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று பெரியப்பா முகம் சுளித்தார். அப்புறம் தன் பெயரைப் பார்த்தார். முதலில் இருந்தது. சரி, வித்தியாசமாகத்தான் இருக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டார். மாமா பெயர் இரண்டாவதாக இருந்ததை அவர் கவனித்தாரோ இல்லையோ, ஒன்றும் சொல்லவில்லை.

பெரியப்பாவின் மகன் ஒரு சின்ன லாரி வைத்திருக்கிறான். மலை மேல் காரட் ஏற்றிக் கீழே மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவான். மன்னவனூருக்கும் போவான், டீக்கடைக்காரர் நம்பர் அவனிடம் உண்டு. இது எங்களுக்குத் தெரியாது. கல்யாணம் நெருங்கும்போது அவன் தன் வீட்டுக்கு வந்த பத்திரிகையை போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டான், தங்கை கல்யாணம் என்ற ஆசையில். அதில் தப்பென்ன? பஸ்ஸைப் பற்றித்தான் யோசித்தோம். போனைப் பற்றி யோசிக்கவில்லை.

மாமா வந்தது சந்தை நாளில்லை. நான் பூக்காரரிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோளில் சாக்கு இல்லை. அம்மா உள்ளேயிருந்து வந்து "என்னண்ணே அங்கனயே நிக்கிற" என்று கேட்ட பிறகுதான் உள்ளே வந்தார். அடுப்படிக்குப் போகவில்லை. விருந்தாளிகளுக்குப் போடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தார்.

"டீக்கடையில போன்ல காட்டுனாங்க" என்றார். "நான் அந்த ஆளை ஏசிட்டேன். எவனோ கள்ளத்தனமா செஞ்சிருக்கான், எங்க கடதாசி இப்படி இல்லைன்னு சொல்லி, பையில இருந்து எடுத்துக் காட்டுனேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க." என் பக்கம் திரும்பினார். "ரெண்டும் ஒன் எழுத்து."

அம்மா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நீயும் முதல், பெரியவரும் முதல், யாரைக் கீழே போடுவது என்று தெரியாமல் செய்தேன் என்று அழுதாள். அது நடிப்பில்லை. அவள் மனதில் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தப் பத்திரிகை பொய் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் மாமா அதைப் பற்றிக் கேட்க வரவில்லை.

"கடைசியில போட்டிருந்தாலும் நான் வந்து நின்னுருப்பேன் தங்கச்சி" என்றார். "பேரே போடாட்டியும் வந்திருப்பேன். ஒன் கல்யாணத்துல பேரு போட்டா நின்னேன்? இந்தச் சோலிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. அதுதான் உண்மை. அவருக்காக அம்மா பெரியப்பாவோடு சண்டை போட்டாள், அவருக்காக மைதா காய்ச்சினாள், அவருக்காக அவர் முகத்தையே பார்த்து ஒரு பொய் சொன்னாள். இவ்வளவும் செய்த வீட்டில், உன் பெயர் எங்கே வந்தால் உனக்குச் சரி என்று அவரிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கு எது கௌரவம் என்பதை நாங்களே முடிவு செய்துவிட்டோம். அய்யம்பாளையத்துக்காரர்கள் அம்மா கல்யாணத்தில் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "மாமா, எல்லாத்துக்கும் முன்னாடி செஞ்சது உங்க கார்டுதான். சத்தியமா. மொதல்ல செஞ்சது அதுதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை.

"இதை எத்தனை பேருகிட்டம்மா சொன்னே?" என்றார்.

நான் சொன்னது நிஜம். அதை நம்புவதற்கு அவருக்கு ஒரு காரணமும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

அம்மா மறுநாளே மன்னவனூர் போனாள். அதற்கடுத்து நானும் என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவரும் போனோம். மாமா சண்டை போடவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டினால் பதிலுக்குப் பேசலாம், அழலாம், காலில் விழலாம். அவர் வாங்க என்றார். தேத்தண்ணி கொடுத்தார். கல்யாணத்துக்கு வருவீங்கள்ல மாமா என்று கேட்டதற்கு, வராமல் இருப்பேனா என்றார். அதைக் கேட்டு நாங்கள் தேறிவிட்டோம். திரும்பி வரும்போது வேனில் அம்மாவுக்குப் போன் போட்டு, மாமா சரியாகிவிட்டார் என்றுகூடச் சொன்னேன். பெரியப்பாவுக்கும் விஷயம் போனது. முதலில் சிரித்தாராம். பிறகு, இவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்திருந்தால் இரண்டு பெயரையும் ஒரே வரியில் போட்டிருப்பேனே, இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா என்றாராம். அந்தப் பெருந்தன்மையை மனுஷன் இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே காட்டித் தொலைத்திருக்கலாம்.

கல்யாணம் கொடைக்கானலில் ஒரு சின்ன மண்டபத்தில். அம்மா தாலி இழந்தவள் என்பதால் மேடை ஏறக் கூடாது என்று பெரியம்மா முன்னாலேயே சொல்லியிருந்தாள். அதை எதிர்த்துச் சண்டை போட எனக்குத் தெம்பிருந்தது, அம்மாதான் வேண்டாம் என்றாள். எங்கண்ணன் மேலே நின்றால் நான் நின்ற மாதிரி என்றாள். ஆகவே அன்றைக்கு மாமா தாய்மாமன் மட்டுமில்லை. அம்மாவின் பக்கம் என்று மேடையில் நிற்க இருந்த ஒரே ஆள் அவர்தான்.

மாமா வந்தார். அத்தையோடு, மன்னவனூர்க்காரர்களோடு, வேளைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. நான் அலங்கார அறைக் கதவு வழியாகப் பார்த்தேன். நாற்காலி வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். பெண்ணைத் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டும். ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டார். மாமா எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பெரியப்பா மேடையிலிருந்து இறங்கி அவரிடம் போய்க் குனிந்து பேசினார். கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார். மாமா அந்தக் கையை மரியாதையாக எடுத்துவிட்டு ஏதோ சொன்னார். அவர் சொன்னதைப் பெரியப்பா பிறகு அப்படியே சொன்னார்.

"பத்திரிகை வந்துச்சு, வந்திருக்கோம். மேல நிக்கிறதுக்கு வீட்டுக்காரங்க இருக்காங்கள்ல."

முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. அம்மா வழியில் மாமன் முறை ஆகிற யாராவது வாருங்கள் என்றார் ஐயர். பழைய லயத்து ஆட்களில் ஒருவர் எழுந்து வந்தார். அவரை நான் அதற்கு முன்னால் ஒன்றிரண்டு தடவைதான் பார்த்திருப்பேன். பாவம், அவர் போட்ட மாலை என் காதில் மாட்டிக்கொண்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மாமா உட்கார்ந்திருந்த வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். மற்றவர்களைப் போல அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள், முந்தானை வாயில். தாலி கட்டும்போது மாமா இருந்த இடத்திலிருந்தே அட்சதை போட்டார். பந்தியில் சாப்பிட்டார். வரிசையில் வந்து நின்று, மாப்பிள்ளை கையில் கவரைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, சாயங்காலம் மன்னவனூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஒரு குறை சொல்ல முடியாது. அழைத்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி செய்ய வேண்டியது எல்லாம் செய்தார்.

அம்மாவுக்கும் எனக்கும் இது யார் தப்பு என்பதில் இன்னும் முடிவாகவில்லை. நீதானே எழுதினாய் என்பாள். நீதானே சொன்னாய் என்பேன். இரண்டு நாள் பேசாமல் இருப்போம். அப்புறம் மாமா வீட்டுக்கு என்ன கொடுத்து அனுப்பலாம் என்று பேச்சு ஆரம்பிக்கும். பொங்கலுக்குத் துணி அனுப்புவோம், வாங்கிக்கொள்வார். பதிலுக்குக் காரட்டு மூட்டை வரும், பஸ்ஸில், கண்டக்டர் கையில். அவர் வருவதில்லை.

போன மாதம் என் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் பார்த்தோம். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள மாமன் வேண்டுமென்றால், அந்த இடத்துக்கு என் மாமாதான். இந்தத் தடவை பத்திரிகை என்ற பேச்சே கிடையாது என்று நான் சொல்லிவிட்டேன். அச்சிலும் இல்லை, கையாலும் இல்லை. நேரில் போய் வாயால் கூப்பிடுவது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மட்டும் மன்னவனூர் போனேன்.

மாமா காரட் கழுவும் இடத்தில் இருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கம்மா" என்றார். பிள்ளையின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டி, கை ஈரம் என்று துண்டில் துடைத்துவிட்டுத் தொட்டார். அவளுக்கு ஒரு காரட்டைக் கழுவிக் கொடுத்தார். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். காது குத்து வைத்திருக்கிறோம், உங்கள் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும், வேறே யாரையும் கேட்க மாட்டேன், நீங்கள் எந்த நாள் என்கிறீர்களோ அந்த நாள் வைத்துக்கொள்வோம் என்றேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன். உங்களைக் கேட்கத்தான் மாமா வந்தேன், இந்தத் தடவை கேட்கத்தான் வந்தேன் என்றும் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். பிள்ளை காரட்டைக் கடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா நடத்துங்கம்மா. கண்டிப்பா வர்றோம்" என்றார். "பத்திரிகை இருந்தா ஒண்ணு குடுத்துட்டுப் போங்க."